முப்பத்தோரு பக்கம், இரண்டு கையெழுத்து

என் மனைவி ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பக்கம் படிக்கிறவள். ஆனால் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டால் தெரியாது என்பாள். பொய் இல்லை, நிஜமாகவே தெரியாது.

நீதிமன்றத்தில் நகல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பழைய தீர்ப்புகளும் பத்திரங்களும் கையெழுத்தில் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்தால் கரியாக வரும். யாராவது நகல் கேட்டால் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துதான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் மூலத்தையும் நகலையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆள் இவள்தான். பதவியின் பெயர் ஒப்புநோக்குநர். ஆபீசில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார். கமா, புள்ளி, அடைப்புக்குறி என்று எதையும் விடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவள் நகலில் விரலை வைத்துக்கொண்டே போவாள். எங்காவது ஒத்துப்போகவில்லை என்றால் விரல் நிற்கும். வாசிப்பவர்கள் இதுவரை ஆறு பேர் மாறிவிட்டார்கள். ஒருவருக்குத் தொண்டை போயிற்று. இன்னொருவர், வீட்டில் குழந்தையைக் கொஞ்சும்போதுகூட கமா சொல்லத் தொடங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டார். இவள் மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறாள்.

ஒருமுறை ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு இவள் கைக்கு வந்திருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வாசலிலேயே மறித்துக்கொண்டு, யார்தான் குத்தியது என்று கேட்டேன். அது தெரியவில்லை, ஆனால் பதினேழாம் பக்கத்தில் ஒரு பத்தி இரண்டு தடவை வந்திருந்தது என்றாள். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் கொஞ்சம் கதை விடுகிறவன். கீழே விளக்குக் கடை, மாடியில் வீடு. கடைக்கு வருகிறவர்களிடம் வாய் பேசினால்தான் விளக்கு விற்கும். என் கடையில் விற்ற ஒரு கண்ணாடி விளக்கு பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுந்தும் உடையவில்லை என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுச் சாவி வாங்க வந்த இவள் என் காதோரம் குனிந்து, “போன மாசம் எட்டடின்னு சொன்னீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒத்துப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

இப்போது நான் கட்டிய கம்ப்யூட்டருக்கு, என் மெஷினுக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருஷம். அனிமேஷன் படம் வரைகிறவள். அவள் வரையும் மென்பொருள் மேக் என்கிற இயங்குதளத்தில்தான் ஓடும். மேக்கோ அதன் கம்பெனிப் பெட்டியில்தான் ஓடும் என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் விலை நம் உயரத்துக்கு எட்டாது. நான் விடுவேனா? பலகை, நினைவகம், வட்டு, மின்விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, ஒரு சாதாரண இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, அதில் மேக்கை ஓட வைத்தேன். பதினோரு வாரம் ஆயிற்று. என்னைப் போன்ற பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இணையத்தில் ஒரு மன்றத்தில் கூடி, அவரவர் பட்ட பாட்டைச் சொல்லி அழுவோம்.

அந்த மெஷினின் உயிர் ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. அமைப்புக் கோப்பு. மெஷின் கண் விழிக்கும்போது, நீ இன்ன மாடல் மேக், உன் நம்பர் இது, உன் கடிகாரம் இங்கே இருக்கிறது, உன் காது இங்கே என்று ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுப்பது அந்தக் கோப்புதான். அது நம்பிவிட்டால் ராஜா மாதிரி ஓடும். ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

முதன்முதலாக அது ஓடிய அன்று நான் வீட்டுக்குள் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன். இவள் வந்து பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். பிறகு அந்தக் கோப்பின் மூலம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மெஷினுக்குள்ளேயே இருக்கிறது, ஒரு பென்டிரைவிலும் இருக்கிறது என்றேன். தாளில் இல்லையா என்றாள். இந்தக் காலத்தில் எவனாவது இதைத் தாளில் எடுப்பானா என்று கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லாமல் நின்றாள். அவள் பதில் சொல்லாமல் நின்றால் காரியம் நடந்துவிடும். கடைப் பிரிண்டரில் முப்பத்தோரு பக்கம் வந்தது. ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்தேன்.

மகள் இரண்டு வருஷம் உட்கார்ந்து நாலு நிமிஷப் படம் ஒன்று செய்திருந்தாள். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை ஒன்று கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றி வருகிற கதை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். முடியும் வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் சேர ஆசைப்பட்ட படிப்புக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அங்கே ஆள் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கடைசி.

அந்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் புத்தி கெட்டது.

கடையில் ஆள் இல்லை. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். படம் முடிந்துவிட்டது, முழுதையும் ஒரே கோப்பாக வெளியே எடுப்பதுதான் பாக்கி என்று காலையில் சொல்லியிருந்தாள். மெஷின் இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்தால் பிள்ளைக்குச் சௌகரியமாக இருக்குமே என்று தோன்றியது. மெஷினைக் கிளப்பிவிடும் பூட்லோடருக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாக மன்றத்தில் போட்டிருந்தார்கள். ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் முதல் விதி. மன்றத்தில் அதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் பென்டிரைவை அழித்து, அதில் புதுப் பதிப்பை இறக்கி, பழைய ஃபோல்டரின் மேலேயே அதை வைத்தேன். பழையதை மாற்றட்டுமா என்று மெஷின் மரியாதையாகக் கேட்டது. மாற்று என்றேன்.

மாற்றிவிட்டது. பழைய ஃபோல்டருக்குள் இருந்த என் அமைப்புக் கோப்பும் அதோடு போயிற்று. அதன் இன்னொரு பிரதி இருந்தது பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான் அழித்த பென்டிரைவில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் அலமாரியில் இருந்த முப்பத்தோரு பக்கம் ஞாபகம் வந்தது.

கடையின் பழைய லேப்டாப்பில் உட்கார்ந்தேன். பூட்லோடரின் பழைய பதிப்பைத் தேடி இறக்கினேன். பிறகு தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டினேன். இரண்டு விரலில், மதியத்திலிருந்து சாயங்காலம் ஏழு மணி வரை. தட்டிய வரிக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். நடுவில் பல்பு கேட்டு வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். முடித்ததைப் பென்டிரைவில் ஏற்றிச் சொருகி மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஓர் இடத்தில் வந்து நின்றன. அதற்கு மேல் அசையவில்லை.

மகள் வந்து கேட்டபோது, தானாகவே கிளம்ப மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். பரவாயில்லப்பா, நீங்க சரி பண்ணிடுவீங்க என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை முழுவதும் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தேன். நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். பலகையிலிருந்த காசு மாதிரி பேட்டரியை எடுத்து வைத்தேன். திரையின் கேபிளை வேறு துளையில் சொருகினேன். என்ன செய்தாலும் அதே இடத்தில் நின்றது. அமைப்புக் கோப்பைப் பாருங்கள் என்று மன்றத்தில் ஒருவர் எழுதினார். அச்சிட்ட மூலத்திலிருந்து அப்படியே எடுத்தது, நானே நாலு தடவை பார்த்துவிட்டேன் என்று அவருக்குச் சூடாகப் பதில் போட்டேன். கோப்பைச் சோதிக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. அதிலும் போட்டுப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை என்றது.

வட்டைக் கழற்றி வேறு மேக்கில் மாட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டலாம். ஆனால் அந்த மென்பொருளின் உரிமம் இந்த மெஷினின் அடையாளத்தோடு கட்டியிருக்கிறது. வேறு மெஷினில் திறந்தால் பூட்டிக்கொள்ளும். கம்பெனிக்கு எழுதி, அவர்கள் திறந்துவிட மூன்று நாள் ஆகும். இந்த மெஷின் எழுந்தால்தான் உண்டு.

சாயங்காலம் மகள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நாளைக்கு வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ரெண்டு வருஷம் கழிச்சுப் போட்டுக்கறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சமாதானமாகச் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலை மகள் பரீட்சைக்குப் போய்விட்டாள். இவள் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பில் காலை நுழைத்தாள். அதுவரை இந்த விஷயத்தில் அவள் வாயே திறக்கவில்லை. மெஷின் என் ராஜ்ஜியம், அவள் தலையிட மாட்டாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“மூலம் எங்க?”

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே நாலு பக்கம் புரட்டினாள். ஓரத்தில் இருந்த பென்சில் டிக்குகளைப் பார்த்தாள்.

“இதப் பாத்து நகல் எடுத்திருக்கீங்க.”

“ஆமா.”

“மெஷினுக்குள்ள ஒண்ணு இருந்துச்சே. அத வச்சுக்கிட்டு எதுக்கு இதப் பாத்து எடுக்கணும்?”

நான் திருட்டு முழி முழித்தேன். அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? புதன்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மகளிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். இவள் கேட்டுக்கொண்டாள். ஆபீசுக்குப் போன் போட்டு அரை நாள் வரமாட்டேன் என்றாள். பிரசவத்துக்கும் மஞ்சள் காமாலைக்கும் தவிர இவள் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை.

“அவகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றாள். “ஆனா இப்ப வேண்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்புறம் சொல்லுங்க. முன்னாடியே சொன்னா கோவத்துல அவளுக்குக் கை ஓடாது.”

பிறகு வேலையில் இறங்கினாள். என் நகலையும் தாளில் கேட்டாள். மூலத்தை எடுத்த அதே பிரிண்டரில், அதே எழுத்தளவில் எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்க்காமல் இரண்டு கட்டிலும் கடைசித் தாளை உருவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரலால் எண்ணினாள். நகலில் எட்டு வரி குறைகிறது என்றாள். சோதனை நிரலே பிழை இல்லை என்று சொல்லிவிட்டதே என்றேன். அது இருக்கிற வரிகளைப் பார்த்துச் சொல்லியிருக்கும், இல்லாத வரிகளை அது எங்கே போய்ப் பார்க்கும் என்று கேட்டாள். மூன்று வருஷமாக அந்த நிரலைப் பயன்படுத்துகிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்து, ஒரே மாதிரி முடிகிற பத்திகள் இதில் இருக்கிறதா என்று கேட்டாள். பாதிக் கோப்பு அப்படித்தான் என்றேன். அப்போதுதான், இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பாகப் பிரிவினைத் தீர்ப்பின் நகலைச் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அடுத்தடுத்து இரண்டு வரி ஒரே மாதிரி முடிந்திருக்கிறது. தட்டச்சு செய்தவரின் கண் முதல் வரியின் முடிவிலிருந்து இரண்டாவது வரியின் முடிவுக்குத் தாவிவிட்டது. இவள் கண்ணும் கூடவே தாவிவிட்டது. அந்த ஒரு வரியில் இருந்தவர் கடைசித் தம்பி. நகலில் அவருக்குப் பங்கே இல்லை. அதைச் சரிபண்ண அவர் மூன்று வருஷம் அலைந்தாராம். அவர் வரும்போதெல்லாம் நான் பின்பக்கக் கதவு வழியா வெளியில போயிடுவேன் என்றாள். இதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் ஏறவில்லை.

சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். மூலம் என்னிடம், நகல் அவளிடம். மணி எட்டரை. நான் வாசிக்க வேண்டும், அவள் பார்ப்பாள். அவள் வாசித்து நான் பார்த்தால் என்ன என்று கேட்டேன்.

“நீங்க தட்டினத நீங்களே பாத்தா, நீங்க நெனச்சதுதான் உங்க கண்ணுக்குத் தெரியும்.”

வாசித்தேன். இங்கிலீஷ் வார்த்தையை வார்த்தையாகச் சொல்லக் கூடாது, எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும் என்றாள். கூர்க்குறியையும் சாய்கோட்டையும் சொல்ல வேண்டும். அரைப் பக்கத்துக்குள் என் வாய் உலர்ந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் எட்டெட்டு வரியாக நாலு கட்டம் இருந்தது. நாலும் அச்சு அசல் ஒரே மாதிரி, நடுவில் ஒரு பெயர் மட்டும் மாறும். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் ஆயிற்று. மூன்றாவதை நான் தொடங்கியதும் அவள் விரல் நின்றது.

நகலில் மூன்றாவது கட்டமே இல்லை.

அது கடிகாரத்துக்கு உரிய கட்டம். பலகையின் கடிகாரத்தை மேக்குக்குக் காட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கோப்பை அழைப்பது. அது இல்லாவிட்டால் மேக்குக்கு மணி தெரியாது, மணி தெரியாமல் அது எழுந்திருக்காது. இரண்டு நாளாக நான் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேனே, பெட்டியில் ஒரு குறையும் இல்லை. ஓரத்தில் டிக் போட்டிருந்தேனே என்று மூலத்தைப் பார்த்தேன். நாலு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே நீளமான டிக்காக இழுத்து வைத்திருந்தேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எட்டு வரியைச் சேர்த்துவிட்டு மெஷினைப் போட வேண்டியதுதானே?

“ஒக்காருங்க. இன்னும் இருபத்தொம்பது பக்கம் இருக்கு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எட்டு வரி குறைகிறது என்று நீதானே சொன்னாய், எட்டும் கிடைத்துவிட்டதே, கணக்கு நேராகிவிட்டதே என்று கத்தினேன். பிள்ளையின் வாழ்க்கை இங்கே தொங்குகிறது, உனக்கு உன் ஆபீஸ் சட்டம் பெரிதாகப் போயிற்றா என்றும் கேட்டேன். அது தப்பான வார்த்தைதான். சொல்லி முடித்ததுமே தெரிந்தது.

அவள் விரலை எடுக்கவே இல்லை. நான் கத்தி முடிக்கும் வரை அதே வரியில் வைத்திருந்தாள்.

“விழுந்தது கெடச்சுது. மாறிப்போனது இருந்தா? அதுக்கு வரி குறையாது.”

உட்கார்ந்து வாசித்தேன். பத்தாம் பக்கத்தில் டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கு மட்டும். பதினைந்தாம் பக்கத்துக்கு மேல் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சொல்லப்போனால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் விரல் வரிக்கு அடியில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் வேகமாக வாசித்தால் அது வேகமாகப் போகவில்லை. நான்தான் அதற்காக மெதுவாகப் போனேன். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே வாசிக்க எனக்குப் பிடித்திருந்தது.

இருபத்தாறாம் பக்கத்தில் விரல் மறுபடி நின்றது. மெஷினின் அடையாள எண். அதன் பன்னிரண்டு எழுத்தில் இரண்டு எழுத்து முன்பின்னாக மாறியிருந்தது. இந்த எண் மாறினாலும் மெஷின் எழுந்திருக்கும். நான் துள்ளிக் குதித்திருப்பேன். ஆனால் மகளின் மென்பொருள் இந்த எண்ணைத்தான் பார்த்து ஆளை அடையாளம் காணும். இது யாரோ என்று பூட்டிக்கொண்டிருக்கும். மூன்று நாளுக்கு அதைத் திறக்க முடியாது. காலை ஒன்பது மணிக்கே நான் மெஷினைப் போட்டிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

அவளிடம் இதைச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, அடுத்த வரி என்றாள்.

பன்னிரண்டே காலுக்கு முப்பத்தோராம் பக்கம் முடிந்தது. லேப்டாப்பில் இரண்டையும் திருத்தி, திருத்திய பக்கங்களை மறுபடி அச்செடுத்தேன். அவற்றையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டாள். நகல் எடுத்தவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஒப்புநோக்கியவர் என்ற இடத்தில் அவள் போட்டுத் தேதியும் எழுதினாள். எழுந்து இடுப்பை நெளித்துவிட்டு, இப்ப போடுங்க என்றாள்.

போட்டேன். வெள்ளை எழுத்துகள் ஓடின. இரண்டு நாளாக நின்ற இடம் வந்தது. நிற்காமல் தாண்டிப் போயிற்று. மெஷின் எழுந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு அந்த முப்பத்தோரு பக்கத்தில் ஒரு வரிகூட என்னவென்று தெரியாது. அது என்ன, இது என்ன என்று கேட்கவும் இல்லை.

மகள் ஒன்றேகாலுக்குப் பரீட்சை முடித்து வந்தாள். மெஷினைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். சாப்பிடக்கூட எழவில்லை. மென்பொருள் மறுபேச்சில்லாமல் திறந்தது. படம் முழுதாக வெளியே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாலு இருபத்தைந்துக்கு அனுப்பி முடித்தாள். கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டு இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

நாங்கள் முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தோம். குடை பஸ்ஸிலிருந்து ஒரு தபால்காரர் கைக்குப் போயிற்று. அவரிடமிருந்து ஒரு மீன்காரிக்கு, அவளிடமிருந்து ஒரு கூரை வேலைக்காரருக்கு. மழையில் ஒவ்வொருவர் தலைக்கும் மேலே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. மீன்காரி அதைப் பிடித்திருக்கும்போது கைப்பிடியின் வளைவு இடது பக்கம் இருந்தது. அடுத்த காட்சியில் அவள் கையிலேயே அது வலது பக்கம் இருந்தது. விளக்கு விற்கிற என் கண்ணுக்கே அது தெரிந்தது. இவளைத் திரும்பிப் பார்த்தேன். போயிற்று, இப்போது சொல்லப் போகிறாள் என்று எனக்குப் பயம். அனுப்பியும் ஆயிற்று, திருத்தவும் முடியாது. பிள்ளை உடைந்துவிடுவாள்.

இவள் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

படம் முடிந்ததும் மகள் இவள் முகத்தையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாருடைய சொல் செல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

“எப்பிடிம்மா இருக்கு?”

“கடைசில அந்தக் கொடை வீட்டுக்கு வந்துடுச்சே. எனக்கு அதான் பயமா இருந்துச்சு, வராதோன்னு.”

மகள் சிரித்துவிட்டு இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இவள் அவள் தோளுக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, மணி அஞ்சாச்சு.”

நான் சொன்னேன். புதன்கிழமை காலையிலிருந்து, மாற்று என்று நான் சொன்னதிலிருந்து, தானாகவே கிளம்பவில்லை என்று புளுகியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நேத்து உங்ககிட்ட வந்து நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டாள். இருக்கு என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இவள் நடுவில் வந்து சமாதானம் செய்யவில்லை. கோபப்படட்டும், அவளோட ரெண்டு வருஷம் அது என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான், எனக்கு வலிக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஒரு தாளில், இந்த மெஷினில் அப்பா கை வைக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டாள். நல்ல பிள்ளையாகப் போட்டேன். அதைப் பெட்டியின் மேல் ஒட்டினாள். ஒட்டியதும் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. படிப்புக்கு இடம் கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை, அடுத்த மாதம்தான் சொல்வார்கள்.

அன்றைக்கே மதியம், இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். பின்னால் தள்ளி ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். எழுந்து நேராக அம்மாவிடம் வந்தாள்.

“மீன்காரி கைல கைப்பிடி மாறியிருக்கு. அன்னிக்கே நீ பாத்திருப்பியே?”

“பாத்தேன்.”

“நீ எதையும் விட மாட்டியே. ஏன் சொல்லல?”

இவள் மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள்.

“அன்னிக்கு நான் சரி பாக்கலடி. படம் பாத்தேன்.”